பாயா, பட்டமா: நீரோடியில் ஆறு நாள்

முதல் நாள் (ஜனவரி 20, செவ்வாய்)

காவல்கிணறு தாண்டியதும் பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். நான் மட்டும் ஜன்னலில் முகத்தை வைத்துக் காற்றாலைகளை எண்ணிக்கொண்டு வந்தேன். ஆடி மாதம் முப்பந்தலில் இறங்கி நின்றால் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றின் புகழே அதுதான். இப்போது தை. 100 எண்ணியதில் சுழன்றவை 11. காற்றைத் தேடிப் புறப்பட்டவனுக்கு நல்ல சகுனமாகத் தெரியவில்லை.

புறப்பட வைத்தவள் என் மகள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கோடை விடுமுறையில் ராமேஸ்வரம் பக்கம் போய்க் கைட்சர்ஃபிங் (பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் நின்று தண்ணீரில் ஓடுவது) கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள். அவளுடைய தோழியோ விண்ட்சர்ஃபிங்தான் (பாய் பொருத்திய பலகையில் நின்று ஓட்டுவது) நல்லது என்று நிற்கிறாள். "அப்பா, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எது சுலபம்?" என்று என்னிடம் கேட்டாள். 22 வருடம் வங்கியில் கணக்கு பார்த்த மனிதனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய கடற்கரை ஊரான நீரோடியில் அப்பா காலத்துப் பழக்கம் ஒன்று உண்டு. கருவாடு வாங்கப் போய் உறவாகிப்போன குடும்பம். அந்த வீட்டுப் பேரன், எனக்குத் தம்பி மாதிரி, துபாயிலும், பிறகு எகிப்தின் தஹாபிலும், நீர்விளையாட்டுப் பள்ளிகளில் 9 வருடம் வேலை பார்த்தவன். முதலில் மீட்புப் படகு ஓட்டினான், பின்பு பயிற்றுநரானான். பள்ளி கழித்துப் போட்ட சாமான்களைக் கப்பல் சரக்கில் ஏற்றிக்கொண்டு போன வருடம் ஊர் திரும்பிவிட்டான். "வாருங்கள் அண்ணே, நீச்சல் தெரியும் அல்லவா, அது போதும்" என்று போனில் சொன்னான். தாமிரபரணியில் நீந்திப் பழகியவன் நான் என்று பெருமையாகச் சொல்லிவைத்தேன்.

மார்த்தாண்டத்தில் பஸ் மாறிக் கொல்லங்கோடு போகும் வழியில் இன்னொரு தாமிரபரணியைத் தாண்டினோம். இது குழித்துறைத் தாமிரபரணி, எங்கள் ஊர் ஆறு அல்ல. பெயர் மட்டும் ஒன்று. 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை இந்தப் பகுதியே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்த நிலம்தான். நீரோடியில் இறங்கி எல்லை எங்கே என்று கேட்டால் யாரும் கையை நீட்டிக் காட்டுவதில்லை. கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்து முடிந்து மலையாள எழுத்து தொடங்குகிற இடம்தான் எல்லை. அதற்கு அப்பால் பொழியூர். இரண்டு பக்கமும் ஒரே கடல், ஒரே கோயில் மணி, பேச்சும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இரவு மரச்சீனிக் கிழங்கும் தேங்காய் அரைத்த அயிலைக் குழம்பும். சாப்பிட்டு முடித்ததும் வலைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய்ச் சாமான்களைக் காட்டினான். விண்ட்சர்ஃபிங் பலகை என் உயரத்துக்கு ஒன்றே முக்கால் மடங்கு நீளம், கட்டில் போல அகலம். 200 லிட்டர் கொள்ளளவு, என்னை மாதிரிக் கனத்த ஆளும் நிற்கலாம் என்றான். பாய், பாய்மரம், அதைச் சுற்றி வளைந்து நிற்கும் பிடிகம்பு (பூம் என்கிறார்கள்) என்று சுவர் முழுக்க அடைத்திருந்தது. கைட்சர்ஃபிங் சாமான் எங்கே என்று தேடினேன். பள்ளிக்கூடப் பையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு மூட்டையைக் காலால் தட்டினான். 12 சதுர மீட்டர் பட்டம் அதற்குள் சுருண்டு கிடக்கிறதாம். ரயிலில் போகிற ஆளுக்குப் பட்டம், சொந்தமாக வேன் வைத்திருப்பவனுக்குப் பாய் என்று அப்போதே மனத்தில் ஒரு வரி எழுதிக்கொண்டேன்.

அவனுடைய பாட்டா பின்னாலேயே வந்து நின்றார். வயது 79. கட்டுமரத்தில் பாய் விரித்துக் கடலுக்குப் போன கடைசித் தலைமுறை. பாய்மரத்தின் அடியில் இருக்கும் ரப்பர் மூட்டு ஒன்றைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார்.

"மரம் நிற்கவே இல்லையே மக்களே. இதை யார் பிடிப்பது?"

"நாம்தான் பாட்டா பிடிக்க வேண்டும்."

"அப்போது நீதான் மரம் என்று சொல்," என்றார்.

விளையாட்டு முழுக்க அந்த மூட்டில்தான் இருக்கிறது. 1960-களின் இறுதியில் கலிபோர்னியாவில் ஜிம் டிரேக் என்ற விமானப் பொறியாளரும் ஹாய்ல் ஷ்வைட்சரும் இந்தச் சுழல்மூட்டோடு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். சுக்கான் கிடையாது. பாய்மரத்தைப் பின்பக்கம் சாய்த்தால் பலகை காற்றை நோக்கித் திரும்பும். அணியத்தின் (பலகையின் முன்முனை) பக்கம் சாய்த்தால் காற்றைவிட்டு விலகும்.

இரண்டாம் நாள் (புதன்)

காலை 7 மணிக்கே நல்ல காற்று. தென்னை ஓலைகள் கடலைப் பார்த்துச் சாய்ந்து ஆடின. கடலும் குளம்போல் அமைதி. இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தம்பி கட்டன் சாயாவைக் கையில் கொடுத்து உட்காரச் சொன்னான்.

இது கரைக்காற்று. நிலத்திலிருந்து கடலுக்குப் போவது. கரையோரம் தண்ணீர் தட்டையாகத் தெரியும். 300 மீட்டர் போனதும் அலையும் காற்றும் ஒன்றாகக் கூடும். நின்று சமாளிக்கத் தெரியாதவனை அது நேராக உள்ளே கொண்டுபோகும். விண்ட்சர்ஃபிங்கோ கைட்சர்ஃபிங்கோ, கரைக்காற்றில் கற்றுக்கொடுக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றான். அந்த வீட்டுச் சுவரில் மாலை போட்ட ஒரு படம் இருக்கிறது. 2017 நவம்பர் 30, ஓகி புயல். இந்தக் கரையூர்களிலிருந்து போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. இங்கே காற்றைப் பற்றி யாரும் விளையாட்டாகப் பேசுவதில்லை. சாயாவைக் குடித்தேன்.

மதியம் 1 மணிக்குக் காற்று செத்தது. அரை மணி நேரம் வியர்த்துக் கொட்டியது. பிறகு கடலிலிருந்து, மேற்கே கொஞ்சம் வடக்கு சாய்ந்து, கச்சான் காற்று ஏறியது. வேனில் பலகையைக் கட்டிக்கொண்டு பொழியூர் தாண்டிப் பொழிமுகத்துக்குப் போனோம். நெய்யாறு கடலில் சேரும் இடம் அது. அக்கரை பூவார். நாங்கள் போன வாரம் மணல்திட்டு அடைத்துப் பொழி மூடிக் கிடந்தது. திறந்திருந்தால் உங்களைக் கூட்டி வந்திருக்க மாட்டேன் என்றான் தம்பி, ஆறு ஆளையும் சேர்த்துக் கடலுக்குள் தள்ளிவிடுமாம். மணல்திட்டுக்கு உள்பக்கம் காயல் நீர். காற்று கடலிலிருந்து திட்டைத் தாண்டி வருகிறது. கட்டுமீறிப் போனால் உள்கரையில் கண்டல் மரங்களில் போய் முட்டி நிற்பேன். அதற்கு மேல் எங்கும் போக வழியில்லை. கற்கிற இடத்துக்கு இது பெரிய தகுதி என்று பிறகுதான் புரிந்தது.

பாடம் இதுதான். பாய் தண்ணீரில் படுத்துக் கிடக்கும். காற்றுக்கு முதுகைக் காட்டிப் பலகையின் நடுவில், மரத்துக்கு இரண்டு பக்கமும் கால் வைத்து எழுந்து நிற்க வேண்டும். பாயிலிருந்து வரும் தடித்த கயிற்றைப் பிடித்து இழுத்துத் தூக்க வேண்டும். கேட்க எளிது. பாயின்மேல் தண்ணீர் ஏறி உட்கார்ந்திருக்கிறது அல்லவா, அது வடிகிறவரை கிணற்றிலிருந்து எருமையைத் தூக்குவது போல இருக்கும். வடிந்த அந்த நொடியில் பாரம் சட்டென்று விட்டுவிடும். அதுவரை பின்னால் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தவன் மல்லாக்க விழுவான். நான் விழுந்தேன். மறுபடி ஏறினேன், இழுத்தேன், இந்த முறை முன்பக்கம் விழுந்தேன். முழங்காலை மடக்கு, முதுகை நேராக வை, கையை நீட்டியே வை என்று தம்பி இடுப்பளவு தண்ணீரில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தான். கணக்குப் பிள்ளை புத்தி போகுமா, எண்ணிக்கொண்டேன். 23 முறை.

24-ஆவது முறை பாய் முழுதாக எழுந்து காற்றில் படபடத்தது. முன்கையால் பூமைப் பிடித்து மரத்தை உடம்புக்குக் குறுக்கே கொண்டுவந்தேன், பின்கையையும் வைத்து லேசாக இழுத்தேன். படபடப்பு நின்றது. பாதத்தின் அடியில் பலகை வழுக்கிக்கொண்டு நகர்கிற உணர்வு. ஏழெட்டு நொடி இருக்கும். அணியத்தில் தண்ணீர் கிழிபடும் சத்தம் கேட்டது, சின்னக் குழந்தை பாயசம் உறிஞ்சுகிற மாதிரி. 46 வயதில் இப்படிச் சிரிப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை. சிரித்ததில் விழுந்தேன்.

தம்பியின் கையடக்கக் காற்றுமானி அன்று காட்டியது 8 நாட், அதாவது மணிக்கு 15 கிலோமீட்டர் சுமார். அந்தக் காற்றில் பட்டம் ஆளைத் தூக்கி நிறுத்தாது. மூட்டை அவிழ்க்கப்படாமலேயே வீடு திரும்பியது.

மூன்றாம் நாள் (வியாழன்)

கையைத் தூக்கிச் சட்டை போட முடியவில்லை. முதுகின் கீழ்ப்பாதி தனியாக அழுகிறது. உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.

மதியம் மறுபடி காயல். இன்று திரும்புகிற பாடம். பாயைக் கடையால் (பின்முனை) பக்கம் சாய்த்துக்கொண்டே போனால் பலகை காற்றை நோக்கி வட்டம் போடும். அப்போது மரத்தைச் சுற்றிக் குட்டிக் குட்டி அடியாக நடந்து மறுபக்கம் போக வேண்டும். அம்மி மிதிக்கும் மணமகள் போல ஒவ்வொரு காலாகப் பார்த்துப் பார்த்து வைத்தேன். மாலை 4 மணிக்குள் அக்கரை போய் இக்கரை வந்துவிட்டேன். 150 மீட்டர்தான். போனது பெரிதில்லை, புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது பெரிது.

காற்று மறுபடி 8, 9 நாட்தான். பட்டத்துக்கு 12 வேண்டும், கற்கிறவருக்கு 12-லிருந்து 18 வரை சீராக வீசினால் நல்லது என்றான் தம்பி. விண்ட்சர்ஃபிங் முதல் பாடத்துக்கு 5 நாட் இருந்தாலும் போதும். விடுப்பு எடுத்து வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 6 நாள் விடுப்பில் 4 நாள் கரையில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போன கைட் மாணவர்களைத் தஹாபிலேயே பார்த்திருக்கிறானாம், அதுவும் காற்றுக்குப் பெயர்போன ஊரில்.

இரவு மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு கேட்டேன்: "அப்படியானால் எல்லாரும் ஏன் பட்டத்துக்கு ஓடுகிறார்கள்?"

"அண்ணே, நீங்கள் இரண்டு நாளில் அக்கரை போய் வந்துவிட்டீர்கள். இனி இதில் அடுத்த படி எது தெரியுமா? பலகை தண்ணீரைவிட்டு மேலெழும்பிச் சறுக்க வேண்டும். அதற்குச் சின்னப் பலகை, பெரிய காற்று. இடுப்பில் ஹார்னஸ் (கொக்கி வைத்த இடுப்புப் பட்டை) மாட்ட வேண்டும், கால்பட்டையில் பாதம் நுழைக்க வேண்டும், தண்ணீரில் கிடந்தபடியே பாய் நம்மைத் தூக்கிவிட வேண்டும். அதற்கு வருடக்கணக்காகும். பாதிப் பேர் அதற்கு முன்பே விட்டுவிடுவார்கள். பட்டத்தில் முதல் மூன்று நாள் ஒன்றுமே வராது, அவமானமாக இருக்கும். 10, 12 மணி நேரப் பாடம் முடிந்ததும் திடீரென்று எழுந்து நின்று ஓடத் தொடங்குவீர்கள். அதன்பிறகு மாதங்களில் முன்னேற்றம்."

விண்ட்சர்ஃபிங் வாசற்படி தாழ்ந்த வீடு, மாடிப்படி செங்குத்து. கைட் வீட்டில் வாசற்படியே ஆளுயரம், உள்ளே போய்விட்டால் சமதளம். எனக்கு அப்படித்தான் விளங்கியது.

இரண்டுக்கும் பங்காளிச் சண்டையும் உண்டு. விண்ட்சர்ஃபிங் 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிலேயே நுழைந்துவிட்டது. 2012 மே மாதம் உலகப் பாய்மரக் கூட்டமைப்பு 2016 ரியோவுக்கு அதை எடுத்துவிட்டுக் கைட்டைச் சேர்ப்பதாக முடிவு செய்தது. நவம்பரில் அந்த முடிவை அதுவே மாற்றிக்கொண்டது. கடைசியில் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், மார்செய் கடலில், இரண்டும் ஒன்றாக இறங்கின. இந்தக் கதையைச் சொல்லும்போது தம்பிக்குத் தூக்கமே போய்விட்டது. எனக்கு வந்துவிட்டது.

நான்காம் நாள் (வெள்ளி)

11 மணிக்கே கடலில் வெள்ளைக்குதிரைகள் தெரிந்தன. அலை முதுகில் ஆங்காங்கே நுரை உடைந்தால் 12 நாட் தாண்டிவிட்டது என்று கண்கணக்கு. இன்று மூட்டை அவிழ்ந்தது.

நேரே பெரிய பட்டம் கிடையாது. 3 சதுர மீட்டர் பயிற்சிப் பட்டம், இரண்டு கயிறு, மணலில் நின்றபடி. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் முன்னால் ஒரு பெரிய கடிகாரம் நிற்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். தலைக்கு நேர் மேலே 12 மணி. இடக்கைப் பக்கம் 9, வலக்கைப் பக்கம் 3. ஓரங்களிலும் உச்சியிலும் பட்டம் சாதுவாக நிற்கும். நடுவில், கண்ணுக்கு நேரே தாழ்வாக, அதன் முழுப் பலமும் இருக்கிறது. காற்று இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பது பாய்க்கும் பட்டத்துக்கும் பொது. பட்டத்தில் இன்னொன்று கூடுகிறது. அது தானே பறந்து போகிற வேகமும் காற்றோடு சேர்ந்துகொள்கிறது. பாய் நின்ற இடத்தில் நின்று இழுக்கும். பட்டம் பாய்ந்து இழுக்கும்.

20 நிமிடம் நன்றாகத்தான் ஓட்டினேன். 11 மணிக்கும் 1 மணிக்கும் இடையே எட்டுப் போட்டுக் காட்டினேன். சின்ன வயதில் மாஞ்சா தடவிய கை என்று தம்பியிடம் அளந்தும் விட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு நாய் குறுக்கே ஓடியது. திரும்பிப் பார்த்தேன். கை ஒரு பக்கம் இழுத்துவிட்டது. பட்டம் நடுவழியே குத்திட்டு இறங்கியது. என்ன நடந்தது என்று தெரிவதற்குள் நான் குப்புற மணலில் போய்க்கொண்டிருந்தேன்.

"விடுங்கள் அண்ணே! கையை விடுங்கள்!"

விடவில்லை. விட வேண்டும் என்று தெரியும், காலையில்தான் 10 முறை சொல்லிக் கொடுத்திருந்தான். பயந்த கை இறுக்கித்தான் பிடிக்கும். 4, 5 மீட்டர் இழுபட்டு நின்றபோது மூக்குக்கு நேரே மணலில் வெள்ளையாக ஜவ்வரிசி போல மணிகள் கிடந்தன. ஒன்றை நாக்கிலிருந்தும் எடுத்தேன். ஜவ்வரிசி இல்லை. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய சரக்குக் கப்பலிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் மணிகள். எத்தனை மூட்டை வாரி எடுத்தும் மணலைக் கிளறினால் இன்னும் வருகிறதாம்.

முகத்தைக் கழுவி வந்ததும் தம்பி செய்தது எனக்குப் பிடித்திருந்தது. ஆறுதல் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. பெரிய பட்டத்தின் பிடிக்கம்பியை மட்டும் எடுத்து, என் இடுப்பில் ஹார்னஸ் மாட்டி, கயிறுகளைத் தென்னையில் கட்டினான். கம்பியைக் கிட்டே இழுத்தால் பலம் கூடும், தள்ளிவிட்டால் குறையும். அதுவும் போதாதென்றால் மார்புக்கு முன்னால் சிவப்பு நிறத்தில் ஒரு விடுவிப்பு. தள்ளினால் பட்டத்தின் பலம் கழன்று அது துணியாகிக் கீழே விழும். கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பின்னாலிருந்து தள்ளுவான், திடீரென்று கயிற்றை உலுக்குவான், நான் அந்தச் சிவப்பைத் தேடித் தள்ள வேண்டும். 40 முறை செய்தோம். பறப்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. மகள் சேரப்போகும் இடத்தில் இதை எத்தனை முறை செய்ய வைக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

"சரி, எப்போது தண்ணீரில் இறங்கலாம்?" என்றேன்.

"இங்கே இறக்க மாட்டேன்."

காரணத்தைக் கரையில் நடத்திக்கொண்டே காட்டினான். கற்கிறவன் முதலில் பலகையே இல்லாமல், பட்டம் இழுக்க இழுக்கத் தண்ணீரில் உடம்பால் நீந்திப் போகப் பழக வேண்டும். காற்று எங்கே போகிறதோ அங்கேதான் அவனும் போவான். கீழ்க்காற்றுப் பக்கம், அதாவது காற்று போகும் திசையில், 100 மீட்டராவது வெறுமையாக இருக்க வேண்டும். காயலிலோ கீழ்க்காற்றில் தென்னந்தோப்பும் மின்கம்பியும். 20 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கயிறு எங்கே போய்ச் சுற்றும்? கடல் பக்கம் போனால் கரையில் உடையும் அலை, அதற்குக் கீழே பாறை கொட்டிய தடுப்புச் சுவர். நீரோடிப் பக்கம் தூண்டில் வளைவுகள் (கடலுக்குள் நீளும் கல் தடுப்புகள்) ஒன்றுக்கு அடுத்து ஒன்று. கடல் வீடுகளைத் தின்றதால் போட்ட கல், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பட்டத்தோடு இழுபடுகிறவனுக்கு அது அரிவாள்மனை. இடுப்பளவு ஆழம், தட்டை நீர், மரமில்லாத நீண்ட கரை, பக்கவாட்டுக் காற்று, இந்த நான்கும் சேர்ந்தால்தான் கைட் பாடம். ராமேஸ்வரம் தீவுப் பக்கத்துக்கு ஆள்கள் போவது அதனால்தான். அங்கே தென்மேற்குப் பருவத்திலும் காற்று உண்டு, மார்கழி தையிலும் உண்டு.

எனக்கு ஏமாற்றம்தான். அதை ஈடுகட்ட மணல்திட்டின் முனையில் அவனே ஏறிக் காட்டினான். பட்டத்தைப் பிடித்துப் பறக்கவிடும் வேலை எனக்கு. பம்பால் அடித்து உப்பிய அதன் முன்விளிம்பைப் பிடித்து, பக்கவாட்டில் நிமிர்த்தி நின்றேன். அடித்துக்கொண்டு துடித்தது, கயிற்றை அறுக்கப் பார்க்கிற கன்றுக்குட்டி மாதிரி. அவன் இரண்டடி தள்ளி நின்று கோணத்தைச் சரிசெய்தான். துடிப்பு அடங்கித் துணி முழுக்க விறைத்து, சத்தமே இல்லாமல் போயிற்று. அவன் கட்டைவிரலைக் காட்டினான். விட்டேன். அது மேலே போனதும் என் கையில் ஒன்றும் இல்லாத வெறுமை.

14 நாட் காற்று. அலையை மூன்றே எட்டில் தாண்டி, திரும்பி, ஒருமுறை தண்ணீரைவிட்டு இரண்டாள் உயரம் எழும்பி மெதுவாக இறங்கினான். தூரத்தில் விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கப்பல்கள் வரிசையாக நின்றன. பாட்டா முதல்முறையாக இதைப் பார்க்கிறார். வாயைத் திறக்கவில்லை. 20 நிமிடத்தில் அவன் கரைக்கு வந்து பட்டத்தைத் தாழ்த்தி என்னைக் கூப்பிட்டான். நான் பிடித்த பிறகுதான் அவனால் கயிற்றைக் கழற்ற முடிந்தது. ஏறவும் ஆள் வேண்டும், இறங்கவும் ஆள் வேண்டும். தனியாகப் போகிறவனுக்கான விளையாட்டு இல்லை என்பதை அப்போது குறித்துக்கொண்டேன்.

நடந்து வரும்போது பாட்டா சொன்னார்: "பாயைக் கைவிட்டால் விழும். இதைக் கைவிட்டால் போகும். போகிற பொருளோடு எனக்குப் பழக்கம் இல்லை மக்களே."

ஐந்தாம் நாள் (சனி)

காயல் முழுக்கச் சுற்றுலாப் படகு. ஒரு படகோட்டி எங்களைப் பார்த்து மலையாளத்தில் சொன்னதை இங்கே எழுத வேண்டாம். நியாயம் அவர் பக்கம். அவர் வழியில்தான் நான் விழுந்து கிடந்தேன். ஒதுங்கி, அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் காயலோடு சேரும் பக்கமாகப் போனோம். 1860-இல் வெட்டத் தொடங்கி, கன்னியாகுமரி வரை போக வேண்டியது, போய்ச் சேரவில்லை. படகு ஓட வேண்டிய இடத்தில் ஆகாயத்தாமரை ஓடுகிறது.

காற்று இளகிய 4 மணிக்குப் பாட்டா வேட்டியை மடித்துக் கட்டினார். யாரும் கேட்கவில்லை, அவராகவே பலகையில் ஏறினார். 79 வயது என்பது ஏறும்போது தெரியவில்லை. முதல்முறை பாயை இழுத்ததும் பின்பக்கம் விழுந்தார். இரண்டாவது முறை முன்பக்கம், சரியாக என்னைப் போலவே. எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம், மறைக்க மாட்டேன். மூன்றாவது முறை பாய் எழுந்தது. அவருடைய கை தானாக முன்னும் பின்னும் போய்ப் பூமில் உட்கார்ந்தது. கழுத்தைத் திருப்பிப் பின்கழுத்தில் காற்று படுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு போய்விட்டார். நான் இரண்டு நாளில் போன தூரத்தை நான்கு நிமிடத்தில்.

அக்கரை நெருங்கியதும்தான் சிக்கல். கட்டுமரத்தில் துடுப்பால் திருப்பிப் பழகியவர். இங்கே துடுப்பு எங்கே? காலால் பலகையை மிதித்துப் பார்த்தார், பாயை அதட்டியும் பார்த்தார். கடைசியில் பாயைத் தண்ணீரில் போட்டுவிட்டு, பலகையின்மேலேயே குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் துழாவித் துழாவித் திரும்பி வந்தார். வருவதற்கு 25 நிமிடம். பாட்டுகூடப் பாடினார் என்று தம்பி சொல்கிறான், எனக்குக் கேட்கவில்லை.

ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே "பாய் நல்ல பாய். சத்தம்தான் பிளாஸ்டிக் சத்தம்" என்றார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. ஒன்றும் தெரியாத ஆள், தப்பு செய்தும் படுத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். பட்டத்தில் அந்த இடத்தில் என்ன செய்திருப்பார்? தம்பியிடம் கேட்டேன். கயிற்றை ஒழுங்காகச் சுற்றி, பட்டத்தையே தெப்பமாகப் பிடித்துக் கரைக்கு வரும் முறை ஒன்று உண்டு, ஆனால் அது கற்றுப் பழகியவருக்கு என்றான்.

ஆறாம் நாள் (ஞாயிறு)

இன்று யாரும் கடலுக்குப் போகவில்லை. பூசை முடிந்து வந்து மைனி பழம்பொரி சுட்டுக் கொடுத்தார். தம்பியிடம் கட்டணம் பற்றிப் பேச்சை எடுத்தேன், காதில் விழாதது போல வேன் கண்ணாடியைத் துடைத்தான்.

வடசேரி பஸ் நிலையத்திலிருந்து மகளைக் கூப்பிட்டேன்.

"என்ன அப்பா, எது சுலபம்?"

"நீ போகிற இடத்தில் தண்ணீர் எவ்வளவு ஆழம்?"

"தெரியாது."

"அந்த மாதத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து? கரைக்காற்று அடிக்கிற நேரம் பாடம் உண்டா? மீட்புப் படகு எத்தனை? ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர்? முதல் நாள் விடுவிப்பைப் பழக்குகிறார்களா? காற்று இல்லாத நாளுக்குப் பணம் திரும்புமா? அன்றைக்கு விண்ட்சர்ஃபிங் பலகை கொடுப்பார்களா?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அப்பா, கடன் விண்ணப்பத்தில்கூட இத்தனை கேட்க மாட்டீர்கள்."

"கேட்போம்."

"சரி, எழுதி அனுப்புங்கள். அவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன்," என்றாள்.

பஸ் ஏறி உட்கார்ந்து பேனாவை எடுத்தேன். உள்ளங்கைக் கொப்புளம் உடைந்திருந்தது, எழுத முடியவில்லை. பக்கத்தில் பிளஸ் டூ படிக்கிற பையன் ஒருவன். அவனிடம் நோட்டைக் கொடுத்து நான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னேன். மூன்றாவது கேள்வியில் நிறுத்தி, "கைட் என்றே எழுதவா, பட்டம் என்று எழுதவா?" என்று கேட்டான். பட்டம் என்றே எழுதச் சொன்னேன். ஆரல்வாய்மொழி வந்தபோது ஏழாவது கேள்வியில் இருந்தோம்.